கார்பன் ஸ்டீல் கத்தின்னு சொல்லி எவர்சில்வரை அனுப்பிட்டான், 2,850 ரூபாய் போச்சு

கோபத்துலதான் எழுதறேன், முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. கார்பன் ஸ்டீல் கத்தி (கொல்லர் அடிக்கற பழைய இரும்புக் கத்தி ரகம்) நல்லதா, எவர்சில்வர் கத்தி நல்லதான்னு கேட்டவங்களுக்கு விவரமா எழுதறதா சொல்லியிருந்தேன். கடைசியில எழுதறேன், முதல்ல இந்தக் கூத்தைக் கேளுங்க.

போன்ல வீடியோ பார்க்கும்போது நடுவுல வர்ற விளம்பரம்தான். உலை எரியுது, பழுத்த இரும்பைச் சம்மட்டியால அடிக்கிறாங்க. "லாரி கமான் பட்டையில கையால அடிச்ச கார்பன் ஸ்டீல் கத்தி, பட்டறையிலிருந்து நேரா உங்க வீட்டுக்கு." கமான் பட்டைன்னா லாரிக்கு அடியில குலுக்கலைத் தாங்கற வளைஞ்ச இரும்புப் பட்டை. பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு, செட் 2,850 ரூபாய். பணத்தை முன்னாடியே கட்டிடணும்.

வீட்டுல எவர்சில்வர் கத்தி நாலஞ்சு கிடக்கு. தக்காளியில வச்சா தோல் அறுபடாது, நசுங்கும். கமான் பட்டை நல்ல இரும்பு, ஊர்ல அரிவாளே அதுல அடிக்கிறாங்க. துரு பிடிக்கும், வேலை முடிஞ்சதும் துடைச்சு வைக்கணும், அது தெரிஞ்சுதான் ஆசைப்பட்டேன்.

சும்மாவும் பணம் கட்டல. "இது கார்பன் ஸ்டீல்தான்னு எப்படி நம்பறது?"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டேன். உடனே ஒரு வீடியோ வந்துச்சு. கத்தியில காந்தத்தை வைக்கிறான், பச்சுன்னு ஒட்டுது. "பாருங்கக்கா, உங்க வீட்டு எவர்சில்வர் தட்டுல இப்படி ஒட்டுமா?" ஃபிரிட்ஜ்ல இருந்த காந்தத்தை எடுத்துட்டுப் போய்த் தட்டுல வச்சுப் பார்த்தேன். ஒட்டல. அந்த நிமிஷமே 2,850 ரூபாயை அனுப்பிட்டேன்.

வீடியோவுல பொய்யே இல்ல, அதான் இன்னும் எரியுது. தட்டு, டம்ளர் செய்யற நல்ல எவர்சில்வர்ல நிக்கல் கலந்திருக்கும், அதனால காந்தம் ஒட்டாது. கத்திக்குப் போடற எவர்சில்வர் வேற ரகம். அதுல நிக்கல் இல்லன்னே சொல்லலாம், காந்தம் நல்லாவே ஒட்டும். இது தெரிஞ்சவன்தான் அந்த வீடியோவை எடுத்திருக்கான்.

கத்தி கன்னங்கரேல்னு வந்துச்சு, பட்டறைக் கரியாம். தேய்ச்சதும் கருப்பு மொத்தமும் நார்ல வந்துடுச்சு, அடியில பளபளன்னு மின்னுது. வாழைப்பூ நறுக்கினேன். இரும்பு அரிவாள்மணையில நறுக்கினா இரும்பும் கறுக்கும், பூவும் கறுக்கும். இதுல ஒரு கறை இல்ல. எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சு ராத்திரி முழுக்க விட்டேன், காலையிலயும் அதே மினுமினுப்பு.

தெருவுல சாணை பிடிக்க வர்ற அண்ணன்கிட்ட குடுத்தேன். சக்கரத்துல வச்ச உடனே, "எவர்சில்வரும்மா இது, பொறியைப் பாருங்க"ன்னார். பொறி கம்மியா, செக்கச்செவேல்னு, குட்டையா விழுந்துச்சு. பக்கத்து வீட்டுப் பழைய இரும்புக் கத்தியை வச்சுக் காட்டினார், பொறி மத்தாப்பு மாதிரி கிளை கிளையா வெடிச்சுது. "இது 200 ரூபாய் போகும்"னு வேற சொல்லிட்டுப் போனார்.

அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல நடந்தது இது:

"அது துரு பிடிக்காத கோட்டிங் அக்கா."
"ஒரு மாசம் யூஸ் பண்ணுங்க, தானா கறுக்கும்."
"பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா மேடம்?" இருந்துச்சு, அனுப்பினேன்.
"நறுக்கிப் பார்த்துட்டீங்க மேடம், யூஸ் பண்ணின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது."

நறுக்காம எப்படிய்யா கண்டுபிடிக்கிறது? இதைக் கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. அடுத்த நாள் புரொஃபைல் படமே தெரியல, பிளாக் பண்ணிட்டான். 2,850 ரூபாய்ங்க! பாத்திரக்கடையில இதே மாதிரி கத்தி ஒரு டஜன் வாங்கியிருப்பேன்.

எவர்சில்வர் கத்தியே மட்டம்னு நான் சொல்லல. குரோமியம் குறைஞ்சது 10.5 சதவீதம் இருக்கறதாலதான் அது துரு பிடிக்காம இருக்கு, ஈரத்துலயே கிடக்கற அடுப்படிக்கு அதுவே சௌகரியம். நல்லாப் பதம் பண்ணினதுன்னா கூரும் நிக்கும். கார்பன் ஸ்டீல்னு சொல்லிக் காசு வாங்கிட்டு இதை அனுப்பினதுதான் திருட்டு.

சொன்னபடி விவரமா எழுத இப்ப மனசு இல்ல. அவசரத்துக்கு இவ்வளவுதான்: காந்தத்தை வச்சுக் காட்டினா நம்பாதீங்க. வாங்கினதும் எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்க, கார்பன் ஸ்டீல்னா அந்த இடம் கறுத்துடும், எண்ணெயோ பூச்சோ இருந்தா முதல்ல தேய்ச்சுக் கழுவிட்டுப் பாருங்க. முழுப் பணமும் முன்னாடியே கேட்டா வேண்டாம்னுடுங்க. பக்கத்துல கொல்லுப்பட்டறை இருந்தா நேர்ல போய் அடிக்கச் சொல்லி வாங்கிக்கோங்க. ஏமாந்திருந்தா 1915-க்குக் கூப்பிடுங்க, நுகர்வோர் புகாருக்கான நம்பர். நானும் பதிஞ்சிருக்கேன், பணம் வந்தா இங்கயே சொல்றேன்.