சிடானுக்கு 10ஆ, 5ஆ? யாழ். ஜேர்சிக் கடை ஒன்று

யாழ். பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற இந்தக் கடையில் பிரான்ஸ் கால்பந்து வீரராக இருந்த சிடானின் பெயரை ஜேர்சியில் அடிக்கப் போனால் வாக்குவாதமும் இலவசம். பிரான்ஸ் அணியில் அவர் போட்ட 10ஆம் இலக்கம் கேட்பவர்களின் வாதம், 1998 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் தலையால் அடித்த இரண்டு கோல். அவர்களை மறுப்பவர்களின் வாதம், 2006 இறுதியாட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டை. ரியல் மட்ரிட் கழகத்தில் போட்ட 5 கேட்பவர்கள், அங்கேயே பயிற்றுநராக 2016, 2017, 2018 அடுத்தடுத்து எடுத்த சம்பியன்ஸ் லீக்கைச் சொல்லி, அவர் மட்ரிட்டுக்குத் திரும்பத்தான் வேணும் என்பார்கள். நியாயம் இவர்கள் பக்கம்.

வேலை சுத்தம். வைனில் (vinyl) என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய இலக்கத்தை 150 பாகை செல்சியஸில் 15 செக்கன் அழுத்தி, ஆறவிட்டே மேல்தாளை உரிக்கிறார்கள். இந்த வகையைச் சூட்டோடு உரித்தால் ஓரம் கிளம்பும். எழுத்து கொஞ்சம் தடிப்பு, அதுதான் குறை. முதல் 24 மணித்தியாலம் தோய்க்க வேண்டாம். பிறகு உட்புறம் திருப்பி, பச்சைத் தண்ணீரில். இலக்கத்தில் அயன் பெட்டி படவே கூடாது.