விண்கல் நூல்களும் வன்னி மண்ணும்: நீண்டநாள் பாவனைக்குப் பிறகு

வன்னியில் இருந்துகொண்டு விண்கல் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்றுதான். நான் வருடக்கணக்காகப் பாவிக்கும் சில நூல்களைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றில் ஒன்று விண்கல் நூலே அல்ல. அதிகம் கசங்கிப் போயிருப்பது அதுதான்.

ஓ. ரிச்சர்ட் நோர்ட்டன் எழுதியவற்றில் மூன்று என்னிடம் உண்டு. 'றொக்ஸ் ஃபுறொம் ஸ்பேஸ்' (1994) கதைபோல வாசிக்கலாம். விண்கல் தேடி அலைந்தவர்களின் வாழ்க்கை, விழுந்த கற்களின் வரலாறு எல்லாம் அதில் இருக்கிறது. ஆசையை மூட்டுவதற்கு நல்லது. சந்தேகக் கல் ஒன்று கையில் இருக்கும்போது அதைத் திறந்தால் கதையில் போய்விடுவோம். 2002இல் வந்த 'கேம்பிரிட்ஜ் என்சைக்ளோபீடியா ஒஃப் மீற்றியோரைட்ஸ்' பெரிய, கெட்டி அட்டைப் புத்தகம். படங்கள் பிரமாதம். ஆனால் அந்த வழவழப்பான தாளுக்கு எங்கள் மாரிகாலம் ஒத்துவராது. கார்த்திகை, மார்கழியில் ஈரம் ஏறினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், பிரித்தால் படம் உரியும். கறையான் வேறு. இப்போது அதை மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். அடிக்கடி எடுத்துப் பார்க்கும் புத்தகமாக அது இனி இருக்காது.

அன்றாடம் கைகொடுப்பது நோர்ட்டனும் சிற்வூட்டும் சேர்ந்து எழுதிய கையடக்கமான கள வழிகாட்டி (2008). வெளித்தோல், உடைந்த முகம், அரிந்த முகம், நுண்ணோக்கியில் தெரியும் மெல்லிய சீவல் என்று ஒரே வகைக் கல்லை வேறு வேறு நிலைகளில் காட்டுகிறது. அதிகம் விழும் கல்வகை விண்கல்லான சாதாரண கொண்ட்ரைட்டின் அரிந்த முகத்தில் உலோகப் பொட்டுகள் மின்னுவதையும், கொண்ட்ரூல் எனப்படும் குட்டி உருண்டைகள் தெரிவதையும் அதில் பார்த்துப் பழகியவரை உள்ளூர்க் கல் இலகுவில் ஏமாற்றாது.

ஏமாற்ற வருகிற கற்களுக்கு இங்கே பஞ்சமில்லை. "தம்பி, இதை ஒருக்காப் பாரும். காந்தம் பிடிக்குது, நல்ல பாரமாயும் கிடக்கு" என்று ஒட்டுசுட்டான் பக்கத்து ஐயா ஒருவர் உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். குளக்கட்டுக்குக் கொட்டிய கிரவலில் எடுத்த கறுப்புக் கல். கையில் தூக்கிப் பார்த்தால் பாரம்தான். ஆனால் கை சொல்லும் பாரத்தை நான் நம்புவதில்லை. சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லை நிறுத்தேன்: 212 கிராம். பிறகு தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாகத் தண்ணீருக்குள் இறக்கினேன். தராசு 76 காட்டியது. அதுதான் கன சென்டிமீற்றரில் கல்லின் கனஅளவு. 212ஐ 76ஆல் பிரித்தால் அடர்த்தி, ஏறத்தாழ 2.8. சாதாரண கொண்ட்ரைட் பெரும்பாலும் 3.2க்கும் 3.7க்கும் இடையில் வரும், இரும்பு விண்கல் 7.5க்கு மேல் போகும். டைல்ஸ் கல்லின் மினுக்கமில்லாத பின்பக்கத்தில் உரசியபோது செம்மண் நிறத்தில் கோடு விழுந்தது. செம்பூரான் வகை இரும்புக்கல். ஐயாவுக்கு முகம் வாடிவிட்டது. கல்லை அவரே கொண்டுபோனார். வீட்டுப் படலைக்கு முட்டுக் கொடுக்க ஆகுமாம்.

இந்தத் தண்ணீர்ச் சோதனைக்கு மேல் வேறு எதுவும் எனக்கு இவ்வளவு உபயோகப்பட்டதில்லை. காந்தத்தை மட்டும் நம்பினால் மக்னடைற் என்ற இரும்புத் தாதும் ஒட்டும், அதன் அடர்த்தி 5.2 அளவில் நிற்கும், கோடும் கறுப்பாக விழும். இரும்பு உருக்கிய கசடான பழைய கிட்டமும் சிலவேளை ஒட்டும்; அதை உடைத்தால் உள்ளே காற்றுக் குமிழி ஓட்டைகள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் கல்லை விண்கல் என்று கொண்டுவருபவர்கள்தான் அதிகம். உண்மையில் குமிழி ஓட்டை உள்ள விண்கல் மிக மிக அரிது.

இனி நான் சொன்ன கசங்கிய புத்தகம்: பி. ஜி. குரே இலங்கையின் புவிச்சரிதவியல் பற்றி எழுதிய நூல், 1984 பதிப்பு. விண்கல் எது என்று நோர்ட்டன் சொல்வார். என் கையில் இருக்கும் கல் வேறு என்னவாக இருக்கலாம் என்பதைக் குரேதான் சொல்வார். நைஸ் பாறை, செம்பூரான் கல், கடற்கரைக் கறுமணலில் உள்ள இல்மனைற் எல்லாவற்றையும் எங்கள் நாட்டு இடங்களோடு சேர்த்து விளக்குகிறார். ஒரு குறை: இலங்கைப் பாறைகளில் ஒரு பெரும் பகுதியை இன்று வன்னித் தொகுதி என்கிறார்கள். அந்தப் பெயர் 1990களில்தான் நிலைத்தது, இந்தப் பதிப்பில் தேடினால் கிடைக்காது. விண்கல் நூல் ஒன்று வாங்கவே பணம் இருக்கிறது என்றாலும், இதைப் பழைய புத்தகக் கடையிலாவது தேடி வாங்குங்கள் என்பேன்.

மொனிக்கா கிரேடி தொகுத்த விண்கல் பட்டியலின் ஐந்தாம் பதிப்பு (2000) தனிரகம். 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்களின் விபரம், படங்களை எதிர்பார்க்காதீர்கள். கல்லை அடையாளம் காண அது உதவாது. ஆனாலும் எங்கள் ஊரான் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய பதிவு ஒன்று அதில் இருக்கிறது: முல்லைத்தீவு, 1795, எல் வகைக் (இரும்பு குறைந்த) கொண்ட்ரைட். ஊர்ப் பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடவேண்டும். கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடம் மாறத் தொடங்கிய அதே வருடம். வானத்திலிருந்து கல் விழும் என்று கிளாட்னி என்ற இயற்பியலாளர் ஜெர்மனியில் நூல் எழுதி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது; ஐரோப்பிய அறிஞர்களில் பலர் இன்னும் நம்பவில்லை. அந்தக் கல்லில் இன்று பாதுகாக்கப்படுவது சிறு துண்டுதான். ஆகவே வன்னியில் விண்கல் விழுமா என்று சிரிப்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. விழுந்தது கிடைக்குமா என்பது வேறு கேள்வி. எங்கள் வெயிலும் மழையும் கல்லில் உள்ள உலோகத்தைத் துருவாக்கி, கறுப்புத் தோலைத் தின்று, சீக்கிரமே கிரவல் கல் மாதிரி ஆக்கிவிடும். வறண்ட சகாராவில் ஆயிரக்கணக்கில் பொறுக்குகிறார்கள் என்ற கணக்கை இங்கே போடமுடியாது.

எனக்கு இந்த வெளிநாட்டு நூல்களோடு பெரிய சண்டையே அங்கேதான். பழைய உழவு நிலங்களில் நட, மெட்டல் டிடெக்டர் வாங்கு, சத்தம் கேட்கும் இடத்தில் தோண்டு என்கிறார்கள். புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணிக் காட்டோரத்திலோ இதைச் செய்யச் சொல்வது கொலைக்குச் சமம். மெட்டல் டிடெக்டரோடு திரிந்தால் புதையல் தோண்ட வந்தவன் என்று பொலிசிலும் நிற்கவேண்டிவரும், அது சின்னப் பிரச்சினை. பெரிய பிரச்சினை மண்ணுக்குள் இருப்பது: போர் விட்டுப்போன கண்ணிவெடியும் வெடிக்காத ஷெல்லும். 1947 பெப்ரவரி 12இல் ரஷ்யாவில் விழுந்த சிகோட்டே-அலின் இரும்பின் படங்கள் எல்லா நூலிலும் உண்டு: வெடித்துச் சிதறி, கிழிந்த விளிம்போடு, முறுகிய துண்டுகள். எங்கள் ஆட்களிடம் படத்தைக் காட்டினால் கேட்காமலே சொல்லுவார்கள், ஷெல் துண்டு என்று. அவ்வளவு ஒற்றுமை. ஒரே தடிப்பான தகடு, சீரான வளைவு, வரிவரியான பள்ளம், மரை வெட்டிய அடையாளம் இருந்தால் அது மனிதன் செய்தது. இரும்பு விண்கல்லில் நிக்கல் 5 வீதத்துக்குக் குறைவாக இருப்பது அரிது, இரசாயனச் சோதனையில் நிறம் மாறிக் காட்டும். ஆனால் இதெல்லாம் ஏற்கனவே வெளியே கிடந்து, ஆபத்தில்லை என்று உறுதியான துண்டுக்கு மட்டும். மண்ணில் பாதி புதைந்த இரும்பைத் தொடவே வேண்டாம். அடையாளம் வைத்து, கண்ணிவெடி அகற்றுவோருக்கோ பொலிசுக்கோ சொல்லிவிட்டு விலகி வாருங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை எடுத்த இடம் என்றாலும் நான் தோண்டுவதில்லை.

இன்னொரு விஷயம், காந்தம். ஸ்பீக்கரில் கழற்றிய பலமான காந்தத்தைக் கல்லில் ஒட்டி ஒட்டி எடுப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். உண்மையான விண்கல்லாக இருந்துவிட்டால், அதற்குள் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவை அது அழித்துவிடும். சின்னக் காந்தம் ஒன்றை நூலில் தொங்கவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் அசைகிறதா என்று பார்த்தாலே போதும்.

வாங்கும் ஒழுங்கு என்று கேட்டால்: முதலில் தராசு. பிறகு குரே, கள வழிகாட்டி. அதற்குப் பிறகு, பெரிய புத்தகத்துக்குச் செலவழிக்கிற காசில், நம்பகமான விற்பனையாளரிடம் அரிந்த சாதாரண கொண்ட்ரைட் துண்டு ஒன்று. கட்டைவிரல் நகமளவு போதும்.  துண்டைக் கையில் வைத்து வில்லைக்கண்ணாடியால் பார்த்த பிறகுதான் புத்தகப் படங்களே எனக்கு விளங்கின. கிரேடியின் பட்டியலை வாங்கவே வேண்டாம். சர்வதேச விண்கல் சங்கத்தின் தரவுத்தளம் இணையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் 2008இல் விழுந்த சூளகிரிக் கல்லும் எங்கள் முல்லைத்தீவுக் கல்லும் இரண்டுமே அதில் உண்டு. எல்லாச் சோதனையிலும் தேறிய கல் ஒன்று கிடைத்தால் அரிய முயலாதீர்கள், கழுவவும் வேண்டாம். உலர்ந்த பையில் போட்டு, பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறைக்குப் படத்தோடும் எடுத்த இடத்தின் விபரத்தோடும் எழுதுங்கள்.