74ஹெச்சி00: நான்கு நேண்ட் கேட்டுகள் கொண்ட ஐசி

தர்க்கச் செயல்களைக் கையால் இணைத்துக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு இந்த 14 கால் ஐசியை, அதாவது ஒருங்கிணைந்த மின்சுற்றுச் சில்லை, தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரே ஒரு செயலைக் கொண்டு பூலிய இயற்கணிதம் (உண்மை, பொய் என்ற இரு மதிப்புகளைக் கையாளும் கணிதம்) முழுவதையும் அமைத்துவிடலாம் என்று தர்க்கவியலாளர் ஹென்றி ஷெஃபர் 1913-இல் காட்டியதை, இதிலுள்ள நேண்ட் கேட்டுகளால் (இரு உள்ளீடுகளும் 1 ஆக இருந்தால் மட்டும் 0 தரும் சுற்றுகள்) நாமே சோதித்துப் பார்க்கலாம். நான்கையும் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் சுற்று அமைக்க உதவும் பலகை) இணைத்து எக்ஸார் சுற்று ஒன்றை அமைத்து, இரு சுவிட்சுகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் அழுத்தும்போது எல்இடி எரிவதையும், இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் அது அணைவதையும் காண்பது, எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்று காட்டும் உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட மிகுந்த தெளிவைத் தருகிறது. 2 முதல் 6 வோல்ட் வரை இயங்குவதால் மூன்று பென்சில் பேட்டரிகளே போதும். எனினும், உள்ளீட்டுக் கால் எதனுடனும் இணைக்கப்படாமல் இருந்தால் வெளியீடு கணிக்க முடியாதபடி தடுமாறும் என்பதால், அழுத்தாதபோதும் உள்ளீட்டை ஒரு நிலையில் பிடித்துவைக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 10 கிலோ ஓம் மின்தடையையும் சேர்த்தே வாங்குங்கள்.