குழாயைக் காப்பதா, எடுத்துவிடுவதா?

கருக்குழாயில் கரு தங்கிவிட்டால் அறுவை செய்யும் மருத்துவர் முன் இரண்டு வழிகள் உண்டு: குழாயைக் கீறிக் கருவை மட்டும் அகற்றிக் குழாயை விட்டுவைக்கலாம், அல்லது குழாயையே எடுத்துவிடலாம். குழாய் போனால் பிள்ளை வாய்ப்பில் பாதி போய்விடும் என்று அஞ்சி, வீட்டார் பெரும்பாலும் முதல் வழியையே கேட்பார்கள். 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் கணக்குக்கு இடம் தரவில்லை. மறுபக்கக் குழாய் நலமாக இருந்த 446 பெண்களில், மூன்றாண்டுகளுக்குள் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் குழாய் காக்கப்பட்டோரில் 60.7 விழுக்காடு, எடுக்கப்பட்டோரில் 56.2 விழுக்காடு, புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. ஆனால் குழாயைக் காத்தவர்களில் 7 விழுக்காட்டினருக்குக் கருத்திசு எஞ்சியது. எடுத்தவர்களில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது.

நீலகிரியில் அந்த 7 விழுக்காட்டுக்கு எடை கூடுதல். குழாயைக் காத்தால் கருத்திசு எஞ்சியிருக்கிறதா என்றறிய, அது சுரக்கும் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு இரத்தத்தில் முற்றிலும் இறங்கும்வரை திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டிருக்கும்போது, எஸ்டேட் லயத்தில் இருக்கும் பெண் அதற்காகப் பஸ் ஏறி வருவது எளிதன்று. ஆகவே மறுகுழாய் நலமென்றால் எடுத்துவிடுவதையே நான் சரியென்பேன்.

கரு குழாயில் தங்கக் காரணம் பாலுறவால் பரவும் கிளமிடியா என்ற கிருமி என்றால் கதை மாறும். பெரும்பாலான பெண்களிடம் அறிகுறியே காட்டாத இந்தத் தொற்று இரு குழாய்களையும் தழும்பாக்கக்கூடும். டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளைக்கு இருவேளை, ஏழு நாள் உட்கொண்டால் கிருமி பொதுவாக அழியும். கணவரும் மருந்து எடுக்காவிட்டால் மீண்டும் தொற்றும். தழும்போ எந்த மாத்திரைக்கும் கரையாது. மறுகுழாயும் பழுதென்றால் மேற்சொன்ன ஆய்வு பொருந்தாது. இயற்கையாக முயல விரும்புபவருக்குக் குழாயைக் காப்பதில் அப்போது நியாயம் உண்டு.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப். முறை அந்தக் குழாயையே தேவையற்றதாக்குகிறது. 1978-இல் அம்முறையில் பிறந்த முதல் குழந்தையின் தாய்க்குக் குழாய்கள் அடைபட்டிருந்தன. செலவும், ஸ்கேன்களுக்காகக் கோயம்புத்தூரில் தங்கும் நாட்களும் அதன் பாரம். நீர் கோத்து வீங்கிய குழாயை விட்டுவைத்தால் ஐ.வி.எஃப். வெற்றியும் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால், அத்தகைய குழாயைக் காப்பதில் பொருளில்லை.

ஆகவே மறுபக்கக் குழாயின் நிலையை அறுவையின்போதே பார்த்து டிஸ்சார்ஜ் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எவ்வழியில் கருத்தரித்தாலும் கரு மீண்டும் குழாயில் தங்கும் வாய்ப்பு இருப்பதால், ஆறாவது வார ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.