அன்ட்ரொயிட் எஸ்டிகே: எதை இறக்கலாம், எதை விடலாம்

அன்ட்ரொயிட் போனுக்குச் செயலி எழுதத் தேவையான கருவிகளின் பொதியான அன்ட்ரொயிட் எஸ்டிகே இலவசம். அதை இறக்கிற டேட்டாவுக்குத்தான் காசு. மல்லாவியிலோ விசுவமடுவிலோ சிம் ரவுட்டரை நம்பிச் செயலி எழுதப் பழகுபவர், கூகிள் பக்கத்தில் முதலில் தெரியும் பெரிய பட்டனை அமத்தினால், செயலி எழுதுகிற முழு மென்பொருளான அன்ட்ரொயிட் ஸ்டூடியோ இறங்கத் தொடங்கும். அது மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல். கேட்டதற்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ கொடுத்துக்கொண்டு போனால், கணினித் திரையிலேயே போனைப் போல ஓடுகிற எமியூலேட்டரும் கூடவே வரும். அதே பக்கத்தின் அடியில் ‘கொமாண்ட் லைன் டூல்ஸ் ஒன்லி’ என்று ஒரு ஸிப் இருக்கிறது, 150 எம்பி அளவில். 8 ஜிபி ரேம் லாப்டொப்பும் அளந்து பாவிக்கிற டேட்டாவும் உள்ளவருக்கு அதுதான் பொருந்தும். எழுத எழுதத் திரையமைப்பைப் பார்க்கிற வசதி போய்விடும். அது சின்ன இழப்பில்லை, ஆனாலும் தாங்கலாம்.

ஸிப்பை விரித்ததும் முதல் சிக்கல். உள்ளே ‘சிஎம்டிலைன்-டூல்ஸ்’ என்ற போல்டர் இருக்கும். அதற்குள் ‘லேட்டஸ்ட்’ என்று இன்னொரு போல்டரை நாமே உருவாக்கி, ‘பின்’, ‘லிப்’ எல்லாவற்றையும் அதற்குள் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால், மற்றப் பொதிகளை இறக்கித் தருகிற எஸ்டிகேமனேஜர், எஸ்டிகே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை என்று நின்றுவிடும். ஸிப்பையே அப்படிக் கட்டித் தந்தால் என்ன குறைந்துவிடுமோ, கூகிளுக்குத்தான் வெளிச்சம். அடுத்தது ஜாவா. ஜாவாவின் கருவிப்பொதியான ஜேடிகே 17 வேண்டும். கணினியில் பழைய ஜாவா 8 இருந்தால் ‘கிளாஸ் பைல் வேர்ஷன் 61.0’ என்று ஒரு பிழை வரும். 61 என்றால் ஜாவா 17, 52 என்றால் ஜாவா 8. பைல் பழுதில்லை, திரும்ப இறக்கி டேட்டாவை வீணாக்க வேண்டாம்.

எஸ்டிகேமனேஜரால் எடுக்க வேண்டியவை மூன்றுதான். பிளாட்போர்ம்-டூல்ஸ் 10 எம்பிக்குள். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்புகிற ஏடிபியும் பாஸ்ட்பூட்டும் இதில் இருக்கின்றன. பில்ட்-டூல்ஸ் 60 எம்பி அளவு: படங்களையும் சொற்களையும் பொதி கட்டுகிற ஏஏபிடி2, கம்பைல் ஆன பைட்கோடைப் போன் ஓட்டக்கூடிய டெக்ஸ் வடிவம் ஆக்குகிற டி8, பொதியை ஒழுங்குபடுத்துகிற ஸிப்அலைன், கையொப்பமிடுகிற ஏபிகேசைனர். மூன்றாவது, ஒரு அன்ட்ரொயிட் பதிப்புக்கு எழுதத் தேவையான பிளாட்போர்ம், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. ஏபிஐ 35 (அன்ட்ரொயிட் 15) அல்லது அதற்கு மேல் எடுங்கள். 2025 ஓகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோருக்குப் போகிற புதுச் செயலிகள் குறைந்தது அதையாவது இலக்காக வைத்திருக்க வேண்டும். சி, சி++ எழுதாதவர் என்டிகே பக்கமே போக வேண்டாம். அரை ஜிபிக்கு மேல் மிச்சம்.

பிளாட்போர்ம் போல்டரில் உள்ள ‘அன்ட்ரொயிட்.ஜார்’ என்ற பைலை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. எல்லா கிளாஸும் மெதட்டும் பேருக்கு இருக்கும். உள்ளே ஒரு வேலையும் நடக்காது, கூப்பிட்டால் ‘ஸ்டப்!’ என்று பிழையை எறியும். உண்மையான கோட் இருப்பது போனில். ஏபிஐ 35 வைத்துக் கம்பைல் செய்த செயலி பழைய அன்ட்ரொயிட் 8 போனில் குறிப்பிட்ட ஒரு பட்டனை அமத்தினால் மட்டும் விழுகிறதென்றால், கம்பைலர் கண்ட மெதட் அந்தப் போனில் இல்லையா என்று முதலில் பாருங்கள். கோடைச் சோதிக்கிற லின்ட் இதை ‘நியூஏபிஐ’ என்ற பெயரில் முன்கூட்டியே சொல்லும். சிவப்புக் கோடு போனால் போதுமென்று அதை அடக்கி வைக்கிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவும் 300 எம்பி வாக்கில் முடிந்துவிடும். டேட்டாவை விழுங்குவது இதற்குப் பிறகு வருவது, அது எஸ்டிகேக்குள் இல்லை. செயலியைக் கட்டித் தருகிற கிரேடில், அதனோடு சேர்கிற அன்ட்ரொயிட் பிளகின், கொட்லின் கம்பைலர், அன்ட்ரொயிட்எக்ஸ் லைப்ரரிகள் எல்லாம் முதல் பில்டின்போதுதான் இறங்கும். அதனால் பம்பைமடுவிலோ அறிவியல்நகரிலோ கம்பஸ் வைபையில் எஸ்டிகேயை இறக்குகிற பிள்ளைகள், அங்கேயே ஒரு வெற்றுப் புரொஜெக்டைப் பில்ட் செய்து முடித்துவிட்டே வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். பிறகு கிரேடிலை ‘ஒப்லைன்’ என்று கொடுத்து ஓட்டலாம். பதிப்பு எண்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பில்ட்-டூல்ஸ் 35 கையில் இருந்தாலும், 8.6 பிளகின் தனக்குரிய 34.0.0-ஐத்தான் தேடும், இல்லையென்றால் சொல்லாமலே இறக்கிவிடும்.

லைன் மெதுவாக இருக்கிற இடத்தில் கிரேடில் பாதியில் கைவிடுவதற்குக் காரணம், ‘கிரேடில்-ராப்பர்.புரொப்பர்டீஸ்’ பைலில் இருக்கும் ‘நெட்வேர்க்டைம்அவுட்’. இயல்பில் 10000, அதாவது பத்தே செக்கன். 120000 ஆக்கிவிடுங்கள். அதே பைலில் கிரேடிலை இறக்குகிற முகவரி ‘ஓல்.ஸிப்’ என்று முடிந்தால் ‘பின்.ஸிப்’ என்று மாற்றினால் இன்னும் கொஞ்சம் மிச்சம். நடுவில் கறண்ட் போய்ப் பாதி ஸிப் கிடந்தால், ‘ஸிப் என்ட் ஹெடர் நொட் பவுண்ட்’ என்று வரும். ‘.கிரேடில்’ போல்டருக்குள் ‘ராப்பர்’, ‘டிஸ்ட்ஸ்’ என்று போய், அந்தப் பதிப்பின் போல்டரை மட்டும் அழித்தால் போதும். முழு ‘.கிரேடில்’ போல்டரையும் அழித்தால் இறக்கிய லைப்ரரிகள் அத்தனையும் போய்விடும்.

இந்தப் பொதியில் மிகச் சிறந்தது ஏடிபி. கையில் இருக்கிற போனே சோதனைக் கருவி ஆகிவிடுகிறது. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழுதரம் தட்டி, யுஎஸ்பி டிபகிங்கைத் திறக்க வேண்டும். ஏடிபிக்கு ‘டிவைசஸ்’ என்று கொடுத்தும் பட்டியல் வெறுமையாக இருந்தால் முதல் சந்தேகம் வயரில்: மலிவான பல வயர்கள் சார்ஜுக்கு மட்டுமே. ‘அன்ஓதரைஸ்ட்’ என்றால் போன் திரையில் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறது, பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். அன்ட்ரொயிட் 11 முதல் வயரே இல்லாமல் வைபை வழியாகவும் இணைக்கலாம்.

எமியூலேட்டருக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. சிஸ்டம் இமேஜ் ஒன்றே ஒரு ஜிபியைத் தாண்டும், ஸ்டூடியோவோடு சேர்த்து ஓட்டக் கூகிளே 16 ஜிபி ரேம் கேட்கிறது.

வின்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் கவனம். புரொஜெக்ட் இருக்கும் பாதையில் ஆங்கிலமல்லாத எழுத்து இருந்தால் பிளகின் பில்டை நிறுத்திவிடும். அந்தச் சோதனையை முடக்க வழி உண்டு, ஆனால் வேறு இடத்தில் உடையும். சி டிரைவில் நேராக ஒரு போல்டர் போட்டு வேலை செய்வதுதான் நிம்மதி.

கிளிநொச்சியில் ஒரு கணினி வகுப்பில் பத்து மெசின் இருந்தால் பத்துக்கும் தனித்தனியே இறக்கத் தேவையில்லை. ஒரே வின்டோஸ் என்றால் எஸ்டிகே போல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோகலாம். அதற்குள் இருக்கும் ‘லைசன்ஸஸ்’ போல்டர் விடுபடக்கூடாது; விடுபட்டால் உரிமம் ஏற்கப்படவில்லை என்று பில்ட் நிற்கும். சோதனைச் செயலிக்குக் கையொப்பமிடுகிற சாவியான ‘டிபக்.கீஸ்டோர்’ மெசினுக்கு மெசின் வேறு என்பதால், ஒரு மெசினில் கட்டிய செயலியின் மேல் இன்னொன்றில் கட்டியது ஏறாது. பழையதை அழித்துவிட்டுப் போட வேண்டும்.

வெளியே கொடுக்கிற செயலிக்கான கையொப்பச் சாவியை ஜேடிகேயின் கீடூல் உருவாக்கித் தரும். பிளே ஸ்டோர் வழியாகப் போனால், பதிவேற்றச் சாவி தொலைந்தாலும் கூகிளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வட்ஸ்அப்பில் ஏபிகே என்ற செயலிப் பைலாக அனுப்பிக் கொடுக்கிறவர்களுக்கு அந்த வழி இல்லை. கடைக்காரரின் கடன்கொப்பிக்கு ஒரு செயலி செய்து கொடுத்துவிட்டுச் சாவியைத் தொலைத்தால், அடுத்த பதிப்பைப் போட அவர் பழையதை அழிக்க வேண்டிவரும், போனில் இருந்த கணக்கும் அதோடு போகும். சாவியை இரண்டு பென் டிரைவில் வையுங்கள், பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.