ஓடும்போது மட்டும் கத்தும் லோடு வேன்: ஆறு மைக் சேசிஸ் இயர் வாங்கலாமா?

வந்து வந்து மறையும் சத்தத்தோடு வரும் லோடு வேன்தான் ஒர்க்‌ஷாப்பில் அதிகக் காசைத் தின்னும் வண்டி. "அம்பதைத் தாண்டினா பின்னாடி ஊஊன்னு கத்துதுண்ணே" என்பார் ஓனர். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் சத்தமே இருக்காது. பிறகு ஷாப்டின் இணைப்பில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸ் மாறும், வீல் பேரிங் மாறும், கடைசியில் பின் ஆக்சிலின் நடுவில் டிப்ரென்ஷியல் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கும் இறங்கும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். சுமை, வேகம், சூடு மூன்றும் சேர்ந்தால் மட்டும் வரும் சத்தத்தை, அந்த மூன்றும் இல்லாத இடத்தில் தேடுவதால் வரும் வினை இது. வண்டி ஓடும்போதே அடியில் காது வைத்துக் கேட்க வழி செய்வதுதான் சேசிஸ் இயர் வகைக் கருவி.

பெட்டியைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு கிளிப், ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு சின்ன மைக், நீளமான ஒயர்கள், ஆறு சேனலை மாற்றும் திருகி, வால்யூம், ஹெட்போன், 9 வோல்ட் பேட்டரி. பிராண்ட் பெயரோடும் வருகிறது, பெயரே இல்லாமல் ஆன்லைனிலும் கிடைக்கிறது. இங்கே எழுதுவது ஆறு ஒயர் கொண்ட சாதாரண வகையைப் பற்றி. ஆம்னி, ஈக்கோ மாதிரி பின்சக்கர டிரைவ் உள்ள வேன்களை மனதில் வைத்து.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஊளை, கரகரப்பு, கிறீச் சத்தம் ஆகிய மூன்றுக்கும் இந்தக் கருவி அருமை. 'டொக்' என்று ஒருமுறை அடிக்கும் சத்தத்துக்குச் சுமார். உட்காரும் இடம் அதிரும் புகாருக்கு இதை எடுக்கவே வேண்டாம்.

வண்டியில் மாட்டுவதற்கு முன் கருவியையே சோதிக்க வேண்டும். விலை குறைந்த செட்டில் ஆறு மைக்கும் ஒரே அளவுக்குக் கேட்பதில்லை. ஆறு கிளிப்பையும் ஒரே பிராக்கெட்டில் பக்கத்தில் பக்கத்தில் கவ்வவிட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, திருகியைச் சுற்றிச் சுற்றிக் கேளுங்கள். எது சத்தமாக, எது மந்தமாக இருக்கிறது என்று சேனல் எண்ணோடு குறித்து வையுங்கள். மந்தமான 4-ஆம் எண் மைக்கை இடது வீலிலும் கூர்மையான 5-ஆம் எண்ணை வலது வீலிலும் மாட்டிவிட்டு 'வலது பேரிங் போச்சு' என்று முடிவு கட்டுவது இந்தக் கருவியால் நடக்கும் முதல் தப்பு. வித்தியாசம் அதிகமுள்ள மைக்கைச் சந்தேகம் குறைவான இடத்துக்குத் தள்ளிவிடலாம்.

மாட்டும் இடங்கள்: ஒன்று கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில், ஒன்று கியர் பாக்ஸின் வால் பக்கம், ஒன்று டிப்ரென்ஷியலின் (சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பகுதி) பினியன் மூக்கில், அதாவது ஷாப்ட் வந்து சேரும் முன்முனையில், ஒன்று ஹவுசிங்கின் நடுவில், மீதி இரண்டும் ஆக்சிலின் இரண்டு முனைகளிலும் பிரேக் பேக் பிளேட்டுக்கு அருகே. நீளமான வேன்களில் ப்ரொப்பெல்லர் ஷாப்ட் (கியர் பாக்ஸிலிருந்து டிப்ரென்ஷியலுக்குப் போகும் நீள உருளை) இரண்டு துண்டாக இருந்து சென்டர் பேரிங் இருந்தால், ஹவுசிங் நடுவில் உள்ள மைக்கை எடுத்து அந்த பேரிங்கின் பிராக்கெட்டில் போடுங்கள். கவ்வும் இடத்தில் சேறும் கிரீஸும் படை படையாக இருந்தால் சத்தம் பாதியாகும். கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். கிளிப் ஆடினால் அதுவே ஒரு கலகலப்பைக் கிளப்பும், அதை வண்டியின் சத்தம் என்று நினைத்துக்கொள்வோம். கவ்விய பிறகு விரலால் தட்டிப் பாருங்கள், அசையக் கூடாது.

ஒயரை ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போட்டுச் சேசிஸோடு கட்டுங்கள். சைலன்சர் பக்கம் போகவே கூடாது. ஷாப்டுக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு கையாவது போகும் இடைவெளி வேண்டும். தொங்கும் ஒயர் ஷாப்டில் சுற்றினால் மைக்கோடு பிரேக் பைப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் அதில் மாட்டிய ஒயர்களுக்கெல்லாம் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். ஹெட்போன் போட்டுக் கேட்பவர் பக்கத்து சீட்டில் இருக்கட்டும். ஓட்டுபவர் காதில் அதை மாட்டவே கூடாது.

கருவி பாதிதான். மீதி, ஓட்டும் முறையில் இருக்கிறது. புகார் எந்தச் சுமையில் வருகிறதோ அதே சுமையை ஏற்றுங்கள். காலி வேனில் பாடி மேலே தூக்கி நிற்கும்போது ஜாயிண்டின் கோணம் ஒன்று, எட்டு மூட்டை ஏற்றினால் வேறு. இருபது முப்பது நிமிடம் ஓட்டி ஹவுசிங் ஆயிலைச் சூடாக்குங்கள். சூட்டில் ஆயில் இளகிய பிறகுதான் பல பேரிங் வாய் திறக்கும். அதன் பிறகு சத்தம் வரும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் மூன்று நிலைகளில் கேட்க வேண்டும்: ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்கும்போது, வேகம் ஏறாமலும் இறங்காமலும் மிதக்கும்போது, காலை முழுதாக எடுத்துவிட்டு உருளும்போது.

இழுக்கும்போது மட்டும் ஊளை வந்தால் கிரவுன் பினியனின் (டிப்ரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன்) பல் தொடும் இடம் சரியில்லை என்ற பக்கம் சந்தேகம் போகிறது. காலை எடுத்ததும் ஊளை கூடினால் பினியன் பேரிங்கின் இறுக்கத்தைப் பாருங்கள். மூன்று நிலையிலும் மாறாத கரகரப்பு என்றால் பேரிங்தான். அதிலும் பினியன், சக்கரத்தைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுவதால் அதன் பேரிங் சத்தம் உச்சஸ்தாயியில் இருக்கும். கிரவுன் பக்க பேரிங் அடித்தொண்டையில் உறுமும்.

அடுத்து கியரை மாற்றிப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரிலும் நாலாவதிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தால், கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால்தான். இன்ஜின் சுற்றோடு சேர்ந்து சத்தமும் மாறினால் முன்னால் தேடுங்கள். நேர் இணைப்பான கியரில் (பெரும்பாலும் நாலாவது) சத்தம் அடங்கி, மற்ற கியரில் எல்லாம் வந்தால் கியர் பாக்ஸுக்குள் இணையாக ஓடும் துணை ஷாப்டான கவுண்டர் ஷாப்டின் பேரிங்கைச் சந்தேகப்படலாம். நேர் இணைப்பில் அந்த ஷாப்ட் வழியாகச் சுமை போவதில்லை. நின்றபடி, நியூட்ரலில் கிளட்ச் மிதித்ததும் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங், மிதித்ததும் போகும் சத்தம் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங்.

இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தரும் இடம் ஆக்சில்தான். இரும்புக் குழாய் வழியாகச் சத்தம் தாராளமாகப் பயணம் செய்யும். இடது வீல் பேரிங் போனாலும் ஓட்டுநருக்கு நடு ஹவுசிங் கத்துவது போலவே கேட்கும்; எத்தனையோ நல்ல டிப்ரென்ஷியல்கள் இப்படித்தான் வீணாக இறங்கியிருக்கின்றன. இரண்டு முனை மைக்கிலும் சத்தம் சமமாக, நடுவில் அதிகமாக இருந்தால் டிப்ரென்ஷியல். ஒரு முனையில் மட்டும் தூக்கலாக இருந்தால் அந்தப் பக்க வீல் பேரிங். வலது பக்கம் வளையும்போது எடை இடது சக்கரத்தில் இறங்கும்; அப்போது இடது மைக்கில் சத்தம் கூடி, இடது பக்கம் வளையும்போது குறைந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இதைக் காலியான அகலமான சாலையில் மட்டும் செய்யுங்கள்.

அதோடு நிறுத்தாமல் வண்டியை ஓரம் கட்டி, தூக்கலாகக் கேட்ட கிளிப்பையும் எதிர்முனைக் கிளிப்பையும் இடம் மாற்றி மாட்டி, அதே வேகத்தில் இன்னொரு முறை கேளுங்கள். சத்தம் இடத்திலேயே நின்றால் தீர்ப்பு சரி. மைக்கோடு சேர்ந்து மாறினால் மைக்தான் ஏமாற்றியது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு போல்ட்டையும் கழற்றக் கூடாது.

ஜாக்கியில் வைத்து இதே மைக்கால் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் சுமை இல்லாமல் டிப்ரென்ஷியல் ஊமையாகிவிடும். பேரிங் கரகரப்பு மட்டும் ஓரளவு பிடிபடும். அப்படிச் செய்தால் ஸ்டாண்டை ஆக்சில் குழாய்க்கு அடியில் கொடுங்கள். சேசிஸில் கொடுத்தால் ஆக்சில் தொங்கி, ஜாயிண்ட் கோணம் கெட்டு, இல்லாத சத்தம் வரும். முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஓட்டாதீர்கள்: தரையில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடி கிடைத்தால் வண்டி ஸ்டாண்டை விட்டு இறங்கும். அது நடக்காவிட்டாலும் தூக்கிய சக்கரம் மீட்டர் காட்டும் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் சுற்றும்.

கருவி டிப்ரென்ஷியலைக் காட்டினாலும் உடனே இறக்க வேண்டாம். லெவல் பிளக்கைத் திறந்து ஆயில் அளவைப் பாருங்கள். ஹைபாய்டு கியர் (பினியன் கிரவுனின் மையத்திலிருந்து விலகி நிற்கும் வகை) என்பதால் ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும். வடித்த ஆயிலில் மாவு போன்ற சாம்பல் நிறம் கொஞ்சம் இருப்பது சாதாரணம். நகத்தில் உறுத்தும் துணுக்கு இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. ஹவுசிங்கின் காற்றுத் துளையான பிரீதர் அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியே தள்ளும், ஆயில் குறைந்த பிறகு ஊளை வரும். ஓனரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பினியன் ஆயில் சீல் மாற்றிய பிறகா சத்தம் ஆரம்பித்தது? நசுங்கும் ஸ்பேசர் (நட்டை முறுக்க முறுக்க நசுங்கி, பினியன் பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் வளையம்) வைத்த ஹவுசிங்கில், கழற்றும் முன் நட்டில் அடையாளம் வைக்காமல் பலம் கொண்டமட்டும் முறுக்கியிருந்தால் பினியன் பேரிங் கூடுதலாக இறுகியிருக்கும். அதற்குப் புது ஸ்பேசர் போட்டு இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடுவது தீர்வாகாது, நசுங்கிய ஸ்பேசர் பழைய நிலைக்கு மீளாது.

மெதுவாகப் போகும்போது பறவை கத்துவதுபோல் தாளமாகக் கிறீச்சிட்டு, வேகம் ஏறினால் மறையும் சத்தம் பெரும்பாலும் காய்ந்த ஜாயிண்ட் கிராஸ். சுற்றும் ஷாப்டில் மைக் கவ்வ முடியாது. பினியன் மூக்கு, கியர் பாக்ஸ் வால் இரண்டில் எதில் தூக்கலோ அந்தப் பக்க ஜாயிண்டைப் பாருங்கள். கப்பின் விளிம்பில் துருப்பொடி செந்தூரம்போல் ஒட்டியிருக்கும். கழற்றும் முன் பிளேஞ்சிலும் (போல்ட் போடும் தட்டு) யோக்கிலும் (கிராஸைப் பிடிக்கும் கவை) சாக்பீஸால் அல்ல, சென்டர் பஞ்சால் குறி போடுங்கள்; டீசல் ஊற்றிக் கழுவினால் சாக்பீஸ் கோடு போய்விடும். இரண்டு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் திரும்பச் சேராவிட்டால் புது கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட மோசமாக அதிரும்.

இனி குறைகள். 'டொக்' சத்தம் ஒரு நொடியில் இரும்பெங்கும் ஓடிவிடுவதால் ஆறு மைக்கிலும் ஒரே நேரத்தில் கேட்கும். திருகியை மாற்றுவதற்குள் சத்தம் முடிந்திருக்கும். அதற்குப் பழைய முறையே சிறந்தது: சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பி, எந்த இணைப்பில் இரண்டு பக்கமும் சேர்ந்து நகரவில்லை என்று பார்ப்பது. இன்ஜின் மவுண்டிங், ஆக்சிலைப் பிடிக்கும் ஆர்ம் புஷ், லீப் ஸ்பிரிங் இருந்தால் யு போல்ட் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அதிர்வுக்குக் காது உதவாது. 155 ஆர் 13 டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றும். மனிதக் காது கேட்கத் தொடங்குவதே 20 ஹெர்ட்ஸ் அளவில். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் ஆப் இலவசம். போனை ஆக்சிலுக்கு நேர் மேலே வேனின் உள்தரையில் அசையாமல் ஒட்டி, முடுக்க அலைவரிசைச் சோதனையை ஓடவிடுங்கள். டிப்ரென்ஷியல் விகிதம் 4.3 என்று வைத்துக்கொண்டால், அதே 60-இல் 9 ஹெர்ட்ஸ் அருகே முகடு வந்தால் டயர் அல்லது வீல் டிஸ்க். 40 அருகே (9-ஐ 4.3-ஆல் பெருக்கியது) வந்தால் ஷாப்டின் பேலன்ஸ் அல்லது வளைவு. 80 அருகே (ஷாப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு) வந்தால் ஜாயிண்டின் கோணம் அல்லது கிராஸ். உங்கள் வண்டியின் விகிதத்தைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். 80-ஐப் பார்க்க, போன் சென்சார் விநாடிக்கு 200 முறையாவது அளக்க வேண்டும். ஆப்பே அதைக் காட்டும்.

கிளட்ச் வழுக்கல், சென்சார் ஒயர் விட்டுவிட்டு வேலை செய்வதால் வரும் இழுப்பு, வெட்டல் இவற்றுக்கும் இந்தக் கருவிக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே ஸ்கேனர்தான் பேச வேண்டும்.

ஒயர்லெஸ் வகை வாங்கலாமா என்றால், கட்டும் நேரம் மிச்சம், ஒயர் சுற்றும் பயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி பேட்டரி, விலையும் கூட. மாதம் ஓரிரு வண்டிக்கு எடுக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு ஒயர் வகையே போதும்; தேவையில்லாமல் ஒரு டிப்ரென்ஷியலை இறக்காமல் விட்டாலே போட்ட காசு வந்துவிடும். ஒரே ஒரு வேன் வைத்திருப்பவர் தனியாக வாங்க வேண்டாம், இதை வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போகலாம்.

வாங்கினால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அந்த ஆறு மைக் சோதனையைச் செய்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு ஒயரையும் கிளிப் சேரும் கழுத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். கரகரவென்றால் உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. இந்த வகைக் கருவியில் முதலில் போவது அந்த இடம்தான். நன்றாக இருக்கும்போதே அங்கே ஒரு ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுவிட்டால் அந்தக் கழுத்து நாள்பட நிற்கும்.