கவுண்ட், டாலி, எனுமரேட்: எண்ணுவதற்கு எந்த ஆங்கிலச் சொல்?

ஆங்கில அகராதியில் ‘கவுண்ட்’ என்று தேடினால் பக்கத்திலேயே எனுமரேட், டாலி, கல்குலேட், ரெக்கன், நம்பர் என்று ஒரு வரிசை நிற்கும். ஒத்த சொற்கள் என்று போட்டிருப்பதால் எதை எடுத்து எங்கே வைத்தாலும் சரி என்று நினைத்துவிடுகிறோம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் டியூசனுக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்தால் தெரியும். கட்டுரையில் ‘கவுண்ட்’ இரண்டு தடவை வந்துவிட்டால் மூன்றாவது தடவை அது ‘எனுமரேட்’ ஆகிவிடும். ஏன் என்று கேட்டால், “அது பெரிய சொல்லு சேர்” என்பார்கள். சொல் பெரிதுதான், ஆனால் அது செய்யும் வேலையே வேறு.

எண்ணி முடித்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் எந்தச் சொல் என்பது தெரிந்துவிடும். ஓர் எண் மட்டும் மிஞ்சினால் கவுண்ட். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்திலிருந்தே தொடங்குவோம். கொழுந்தை யாரும் எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள். அதனால் அங்கே கவுண்டுக்கு இடமில்லை, ‘வெய்’ தான். கட்டி வைத்த மூட்டைகளைக் கவுண்ட் பண்ணலாம், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும் ஆட்களைக் கவுண்ட் பண்ணலாம், மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று கவுண்ட் பண்ணலாம். (வெளியூர் வாசகருக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’. சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்.)

கவுண்டின் உண்மையான பலம் எண்ணுவதில்கூட இல்லை. மழை பிடித்து மத்தியானத்தோடு வேலையை நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். அந்த நாள் பேரில் சேருமா, சேராதா? ஆங்கிலத்தில் இதை ‘டஸ் இட் கவுண்ட்?’ என்று மூன்றே சொல்லில் கேட்டுவிடலாம். இந்த இடத்தில் எனுமரேட், டாலி, கல்குலேட் எதை வைத்தாலும் வாக்கியம் நொண்டும். சிவனொளிபாத மலைக்கு வேன் பிடிக்கும்போது ‘கவுண்ட் மீ இன்’ என்றால் என்னையும் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். ‘ஐம் கவுண்டிங் ஆன் யூ’ என்றால் உன்னை நம்பித்தான் இருக்கிறேன். இரண்டிலும் யாரும் எதையும் எண்ணவில்லை, ஆனாலும் வேறு சொல் போட வழியில்லை. அன்றாடப் பேச்சுக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கவுண்டைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் கடிதம் எழுதும்போது என் ஓட்டு டாலிக்கு.

காலையில் 7, மத்தியானம் 9, பின்னேரம் 6 என்று மூன்று நிறுவை, கொழுந்து நிறுத்துக் கொடுத்த துண்டுச் சீட்டில் இருக்கிறது. கூட்டினால் 22 கிலோ. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் 20 என்று விழுந்திருக்கிறது. ஆபீசுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘யூ கவுண்டட் ராங்’ என்று எழுதினால் நேராக ஓர் ஆளைக் குற்றம் சாட்டியதாகிவிடும். அவரும் முறைத்துக்கொண்டு பதில் சொல்வார். ‘தி ஃபிகர்ஸ் டு நாட் டாலி’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். யார் பிழை என்ற பேச்சே இல்லை, ஆனால் துண்டையும் செக்ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவரால் பதில் எழுத முடியாது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் பின்னால் ‘வித்’ வரும்: துண்டு, செக்ரோலோடு டாலி ஆகவில்லை.

இந்தப் பொருள் டாலிக்குச் சும்மா வந்ததல்ல. குச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. பழைய இங்கிலாந்தில் கடன் கொடுத்தால் ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்ப வெட்டுகள் போட்டு, குச்சியை நீளவாக்கில் பிளந்து, கொடுத்தவர் ஒரு பாதியும் வாங்கியவர் மறு பாதியும் வைத்துக்கொள்வார்கள். கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பார்கள். வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வெட்டி ஏமாற்ற முடியாது. அரசாங்கக் கருவூலம் இந்த முறையை 1826இல்தான் கைவிட்டது. மிஞ்சிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மேலே ஏறி நாடாளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. அதே காலத்து வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்தான் கொஞ்சம் பின்னால் இங்கே கோப்பிக்கும் தேயிலைக்கும் செக்ரோல் கொண்டு வந்தார்கள். அதில் தொழிலாளியின் கைக்கு ஒரு பாதியைக் கொடுக்க எவ்வளவு காலம் எடுத்தது என்பது தனிக் கதை.

இனி அந்தப் ‘பெரிய சொல்’. எனுமரேட் என்றால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுப்பது. காசை எனுமரேட் பண்ண மாட்டார்கள், காரணங்களைப் பண்ணலாம். இதற்கு நல்ல உதாரணம் குடிசனத் தொகைமதிப்பு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வருபவர் வாசலில் நின்று தலையை எண்ணிவிட்டுப் போவதில்லை. வீடு வீடாக ஒவ்வொருவரின் பெயர், வயது, இனம், தொழில் என்று கேட்டு எழுதுகிறார். அதனால்தான் அவரை ஆங்கிலத்தில் எனுமரேட்டர் என்கிறார்கள். இலங்கையில் இந்த வேலை 1871இல் தொடங்கியது. 1911இல் மலையகத் தமிழரான நம்மவர்கள் இந்தியத் தமிழர் என்று தனி வரிசைக்குப் போனார்கள். வெறும் கவுண்ட் என்றால் மொத்தம் எத்தனை என்பதோடு முடிந்திருக்கும். யாரை எந்த வரிசையில் எழுதுவது என்ற கேள்வியும் அதன் அரசியலும் எனுமரேட்டில்தான் இருக்கின்றன. 2001இல் போர் காரணமாக 18 மாவட்டங்களில்தான் தொகைமதிப்பை முழுதாக நடத்த முடிந்தது. போக முடியாத ஊரை எனுமரேட் செய்ய முடியாது, ‘எஸ்டிமேட்’ மட்டுமே செய்யலாம். 1981க்குப் பிறகு முதல் தடவையாக நாடு முழுவதும் எடுத்தது 2012இல்.

பரீட்சைத் தாளில் ‘எனுமரேட்’ என்று வந்தாலும் இதே கதைதான். பத்தி பத்தியாக விளக்கம் வேண்டாம், கேட்ட விடயங்களை வரிசையாகப் போட்டால் போதும்.

கல்குலேட்டில் குழப்பம் குறைவு. இருக்கும் எண்களை வைத்து இல்லாத எண்ணைக் கண்டுபிடிப்பது அது. ஒரு பேருக்கு 1,350 ரூபாய், மாதம் 25 பேர் என்று வைத்தால் 33,750. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) நம் பங்கு 8 வீதம், 2,700 ரூபாய். தோட்டத்தின் பங்கு 12 வீதம், 4,050. பேரைக் கவுண்ட் பண்ணுகிறோம், சேமலாபத்தைக் கல்குலேட் பண்ணுகிறோம். ‘கவுண்ட் மை ஈ.பி.எஃப்’ என்று எழுதினால் நோட்டுகளை எடுத்து எண்ணச் சொன்ன மாதிரி இருக்கும்.

ரெக்கன் பழைய ஆள். கடைக்காரர்கள் வைத்திருந்த, கணக்கு விடைகளைத் தயாராக அச்சிட்ட ரெடி ரெக்கனர் புத்தகத்தில் கணக்குப் போடும் பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆனால் இப்போது பிரித்தானியரோ ஆஸ்திரேலியரோ ‘ஐ ரெக்கன்’ என்றால், ‘எனக்கென்னவோ அப்படித்தான் தோணுது’ என்பதுதான். சுற்றுலா வந்தவரோடு பேசும்போது காதில் விழும், புரிந்துகொண்டால் போதும். வேலைக்கான நேர்முகத்தில் நீங்கள் சொல்ல வேண்டாம். நம்பர் வினைச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் இலக்கம் போடுவது: பக்கங்களை நம்பர் பண்ணுங்கள், மூட்டைகளை நம்பர் பண்ணுங்கள். நம்பர் போட்ட பிறகும் மொத்தம் எத்தனை என்று யாராவது கவுண்ட் பண்ணத்தான் வேண்டும், நடுவில் ஓர் இலக்கம் விடுபட்டிருக்கலாம்.